பி.ஏ. இங்கிலீஷ்: படிப்பும் பிழைப்பும்

இந்திய சிவில் சர்வீஸுக்கான முதல் போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் நடந்தது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசில் கிடைத்துவந்த பதவிகளுக்கு இனி பரீட்சை எழுதித்தான் வர வேண்டும் என்று ஆனது. மெக்காலே தலைமையிலான குழு வகுத்த மதிப்பெண் பங்கீடு இது: ஆங்கிலக் கட்டுரை, இலக்கியம், வரலாறு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1500. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் நன்றாகப் படித்தவன் இந்தியாவில் கலெக்டர் ஆகலாம் என்று அரசே சொன்ன அந்த ஆண்டில், ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. அது 1894இல்தான் வந்தது. கேம்பிரிட்ஜ் 1917வரை காத்திருந்தது.

ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக வேரூன்றியது இங்கிலாந்தில் அல்ல, முதலில் இந்தியாவில்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான 'மாஸ்க்ஸ் ஆஃப் காங்க்வெஸ்ட்' நூலில் வாதிட்டார். மதத்தை நேரடியாகப் போதிக்கத் தயங்கிய காலனி அரசு, ஒழுக்கத்தையும் விசுவாசத்தையும் கவிதை வழியாக ஊட்டப் பார்த்தது என்பது அவர் வாதத்தின் சாரம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1828இலேயே ஆங்கிலப் பேராசிரியர் இருந்தாரே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்தப் படிப்பு உத்தியோகத்தோடு ஒட்டிப் பிறந்தது என்ற உண்மை அதனால் மாறிவிடாது.

எனவே ஜூன் மாதம் அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு மகளை அழைத்து வரும் தகப்பன், "இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்தா என்ன வேலைங்க கிடைக்கும்?" என்று கேட்பதில் கொச்சையாக ஒன்றுமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேராசிரியர் சில சமயம் முகம் சுளிக்கிறார். அவர் போதிக்கும் பாடமே அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த ஊருக்கு வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. அன்றைய பி.ஏ. என்பது இன்றைய பி.ஏ. இங்கிலீஷ் அல்ல, கணிதம், தத்துவம், வரலாறு எல்லாம் கலந்த படிப்பு. ஆனால் ஆங்கிலம் கட்டாயம், பாடமொழியும் அதுவே. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு தாமோதரம் பிள்ளை என்னென்ன செய்தார் என்பது சுவாரஸ்யமான கதை. பத்திரிகை நடத்தினார், பள்ளியில் கற்பித்தார், அரசாங்கக் கணக்கு இலாகாவில் இருந்தார், சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியானார். இதற்கிடையில் ஏடு தேடி அலைந்து 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். பத்திரிகை, வாத்தியார் வேலை, சர்க்கார் உத்தியோகம், வக்கீல் தொழில், பதிப்பு: ஆங்கிலம் படித்த பட்டதாரிக்கு அடுத்த நூறு ஆண்டுகளுக்குத் திறந்திருந்த கதவுகள் அத்தனையையும் முதல் ஆளே தட்டிப் பார்த்துவிட்டார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு 1862இல் வந்து 1907வரை இருந்த வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியரைப் பரீட்சைக்கு மட்டும் நடத்தியவர் அல்ல. 1900இல் அவர் 'கிங் லியரும் இந்திய அரசியலும்' என்றே ஒரு நூல் எழுதினார். பிரிட்டனில் எழுதப்பட்ட நாடகத்தை இந்திய நிலைமைக்கு வாசிக்கலாம் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் மாணவர்களுக்குக் காட்டியது அந்தக் காலத்துக்குச் சாதாரண விஷயமில்லை. அந்தக் கல்லூரியில் படித்து அங்கேயே தமிழாசிரியரானவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி என்ற பரிதிமாற் கலைஞர். ஆங்கில நாடக அமைப்பைக் கண்டு தமிழில் நாடகம் எழுதினார், நாடக இலக்கணம் வகுத்தார், பதினான்கு வரி சானெட் வடிவத்தைத் தமிழில் கொண்டுவந்தார். அந்தப் பாடல்களில் சிலவற்றை ஜி.யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

ஆங்கிலத் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு தமிழில் வாழ்ந்தவர்களின் வரிசை இங்கிருந்து நீளமாகப் போகிறது. 'வெள்ளைப் பறவை' தொகுப்புக்காக 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர்; தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தமிழின் மிக விசித்திரமான நாவல்களை எழுதிய நகுலன், திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் நடத்திய டி.கே. துரைசாமி. மதுரைப் பல்கலைக்கழகத்தின் வை. சச்சிதானந்தன் விட்மனையும் பாரதியையும் ஒப்பிட்டு எழுதினார். க. செல்லப்பன் ஷேக்ஸ்பியரின் துன்பியலையும் இளங்கோவடிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

ஏ.கே. ராமானுஜனின் பாதை இன்னும் வளைந்தது. மைசூரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்து, கொல்லம், மதுரை தியாகராசர் கல்லூரி, பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர். மொழியியலுக்கு மாறி அமெரிக்கா போனார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் குறுந்தொகைப் பதிப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' பிறந்தது. சங்கக் கவிதையை உலகம் படிக்கத் தொடங்கியதில் அந்தச் சிறு நூலுக்குப் பெரிய பங்குண்டு. நவீன ஆங்கிலக் கவிதையை வரி வரியாகப் படித்துப் பழகிய கண்ணும், வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக வளர்ந்த காதும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. தமிழ் மட்டும் படித்தவரால் அந்த நூலை அப்படிச் செய்திருக்க முடியாது. ஆங்கிலம் மட்டும் படித்தவராலும் முடிந்திருக்காது.

இதற்கு நேரெதிர் சாட்சியும் ஒன்று உண்டு. ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில்தான் தோற்றார். பிறகு எப்படியோ பி.ஏ. முடித்து, எம்.ஏ. இலக்கியத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது, "இலக்கியத்தின் மேல் இருக்கும் ஆசையைத் தொலைக்க இதைவிட நல்ல வழி இல்லை" என்கிற பாணியில் ஒரு நண்பர் சொல்ல, பாதியில் திரும்பிவிட்டதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த நண்பருக்கு இந்திய இலக்கியம் கடன்பட்டிருக்கிறது.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. இங்கிலீஷ் வகுப்பில் பெரும்பகுதி பெண்கள். பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் இவர்களில் பலருக்குப் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகிறது. இவர்கள் இந்தப் பாடத்தை எடுப்பது சாசருக்காக அல்ல. இங்கிலீஷ் பேச வரும் என்று நம்பித்தான்.

கிடைப்பது வேறு. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு பொது ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம். கையில் ஏ.ஜி. சேவியரின் இங்கிலாந்து சமூக வரலாறு, பி. பிரசாத்தின் இலக்கியப் பின்னணி நூல், ஆப்ரம்ஸின் கலைச்சொல் அகராதி, டி. பாலசுப்ரமணியனின் ஒலியியல். டியூடர் காலத்து மடாலயங்கள் ஏன் மூடப்பட்டன என்று பத்து மதிப்பெண் கட்டுரை எழுதத் தெரிந்த மாணவி, வங்கியில் ஒரு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள். ஆசிரியர் ஒரு வரியை வாசித்துத் தமிழில் பொருள் சொல்லி அடுத்த வரிக்குப் போகிறார். அதில் தவறில்லை, புரிந்தால் சரிதான். கோளாறு அடுத்த கட்டத்தில் வருகிறது. நாவலைப் படிக்காமல் அதன் சுருக்கத்தையும், சுருக்கத்தையும் படிக்காமல் கைடையும், கைடிலும் 'இம்பார்ட்டன்ட்' என்று டிக் அடித்த கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து மூன்று வருடத்தை ஓட்டிவிட முடிகிறது. இந்தப் படிப்பு தரக்கூடிய ஒரே தொழில்திறன், ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது. கைடு அதைத்தான் முதலில் தின்றுவிடுகிறது.

பி.ஏ.வுக்குப் பின் அதிகம் பேர் போகிற வழி பி.எட். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. கிராமத்துக் குடும்பத்துக்கு இது தலைமுறையையே மாற்றுகிற தொகை. ஆனால் முதலில் டெட் தாண்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய இந்தத் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளைப் பாருங்கள்: மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மிச்சம் 60க்கு ஒன்று கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். ஆக, ஆங்கில ஆசிரியர் ஆக விரும்பும் ஆங்கிலப் பட்டதாரிக்கு அவருடைய சொந்தப் பாடத்தில் 30 மதிப்பெண், பல்லவர்களும் பருவக்காற்றும் அரசியலமைப்பும் சேர்ந்து 60. பயிற்சி மையங்களில் மில்டன் படித்த பெண்கள் ஆறாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான். டெட் தேறிய பிறகும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று 2018இல் அரசாணை வந்தது. முதுகலை ஆசிரியருக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் தேர்வு இந்த விஷயத்தில் நேர்மையானது: 150இல் 110 பாடத்துக்கே.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.வோடு நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. நெட் தேர்வில் முதல் தாள் 100, பாடத்தாள் 200, எல்லாம் ஒரே மூன்று மணி நேரத்தில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில். இலக்கிய விமர்சனத்தை அந்த முறையில் சோதிப்பதன் அபத்தத்தைப் பற்றி எவ்வளவோ பேசலாம். தேறி நிரந்தரப் பணியிடம் கிடைத்தால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கிடைக்காவிட்டால் கௌரவ விரிவுரையாளர். அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 வரை தரலாம் என்று யூஜிசி 2019இல் சொன்னது. சுயநிதிப் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்களிடம் இந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரே துறை அறையில், ஒரே கால அட்டவணையில், ஒரே கவிதையை நடத்தும் இருவரின் சம்பளத்தில் ஒருவருடையது மற்றவருடையதைப் போலப் பல மடங்கு. துறையின் உள் அரசியலில் பாதி இதிலிருந்து கிளைப்பதுதான்.

இவ்வளவு பேர் ஆங்கிலம் கற்பிக்கிற ஊரிலிருந்து கற்பித்தல் முறைக்கே ஒரு பங்களிப்பும் போயிருக்கிறது. இங்கே அதை அதிகம் பேர் பேசுவதில்லை. என்.எஸ். பிரபு, பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்தபோது, 1979 முதல் 1984வரை தென்னிந்தியாவின் சில பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல் பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பது: ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தில் வழி சொல் என்பதுபோல. வேலையை முடிக்கிற முனைப்பில் மொழி தானாக வந்து சேரும் என்பது அவர் கணிப்பு. 1987இல் நூலாக வந்த அந்த அனுபவம், செயல்வழி மொழிக் கற்பித்தல் என்று உலகமெங்கும் பரவிய முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. அந்த முறையைத் தொடங்கிவைத்த வட்டாரத்துக் கல்லூரிகளிலேயே பொது ஆங்கில வகுப்பு இன்னும் வினா விடையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வாத்தியார் வேலைக்கு வெளியே, சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆங்கிலப் பட்டதாரிகளை ஆண்டுக்கணக்கில் வேலைக்கு எடுத்துவரும் ஒரு தொழில் உண்டு. பெற்றோருக்கு அதன் பெயர் தெரியாது. மாணவர்களுக்கும் கடைசி வருடத்தில்தான் தெரியவரும். ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களும் பாடநூல்களும் இந்த இரண்டு ஊர்களில்தான் பெருமளவு செப்பனிடப்பட்டுப் பக்கம் கட்டப்படுகின்றன. புதுச்சேரியில் 1994இல் தொடங்கிய இன்டெக்ரா, சென்னையில் 1998இல் தொடங்கிய டிஎன்க்யூ, மேக்மில்லனிலிருந்து கிளைத்த எம்பிஎஸ் போன்ற நிறுவனங்கள் இந்தத் துறையில் பழம் பெயர்கள். அச்சுத் தொழிலின் பழைய மரபும், நல்ல ஆங்கிலம் தெரிந்த, குறைந்த சம்பளத்துக்கு வரத் தயாரான பட்டதாரிகளும் ஒரே இடத்தில் கிடைத்தது இதற்குக் காரணம்.

காப்பி எடிட்டர் மேசையில் நடப்பது என்ன? எங்கோ ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரை வேர்ட் கோப்பாக வருகிறது. பதிப்பகத்தின் நடைக் கையேடு ஒருபுறம் திறந்திருக்கும்: பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்க எழுத்துக்கூட்டலா, பத்துக்குக் கீழ் எண்ணை எழுத்தால் எழுதுவதா, கமா எங்கே. கட்டுரைக்குள் ஒரு மேற்கோளுக்கு ஆண்டு 2014 என்று இருக்கிறது. கடைசிப் பட்டியலில் அதே நூலுக்கு 2015. எடிட்டர் தானாகத் திருத்தக் கூடாது. ஓரத்தில் 'ஏக்யூ' என்று ஆசிரியருக்குக் கேள்வி போட வேண்டும். சுருக்கமாக, மரியாதையாக, அவரைக் குறை சொல்வதுபோல் தொனிக்காமல். இன்னொரு பக்கத்தில், இரண்டு மருந்துகளுக்கும் வித்தியாசம் இல்லை என்கிறது அட்டவணை. வித்தியாசம் உண்டு என்கிறது முடிவுரை. இலக்கணப்படி இரண்டு வாக்கியமும் சுத்தம். எங்கோ ஓர் எதிர்மறைச் சொல் விழுந்துவிட்டிருக்கிறது. மருத்துவம் தெரியாத ஒருத்தி அதைப் பிடிக்கிறாள் என்றால், கதைசொல்லியை முழுக்க நம்பாமல் படிக்கப் பழகியவள் என்று பொருள்.

இந்த வேலைக்கும் கஷ்டங்கள் உண்டு. ஒரு மணிக்கு இத்தனை பக்கம் என்ற இலக்கு, லண்டன் நேரத்துக்கு ஏற்ற கெடு, தொடக்கச் சம்பளமும் பெரிதில்லை. எழுத்துப் பிழையையும் நிறுத்தக்குறியையும் மென்பொருளே முதல் சுற்றில் பார்த்துவிடுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வாக்கியத்தை வழவழப்பாக்கும் வேலையும் மெஷினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் வழவழப்பான வாக்கியத்துக்குள் பொய் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதனால் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கன்டென்ட் ரைட்டிங் என்று ஒரு காலத்தில் ஆங்கிலப் பட்டதாரிகளை வாரி எடுத்த துறைக்கு இந்த ஆறுதல் கிடையாது. ஹோட்டல் அறை வர்ணனையும் ஷாம்பு விவரமும் எழுதிப் பிழைத்தவர்களின் இடத்தைத்தான் மெஷின் முதலில் பிடித்தது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கால் சென்டர், வாய்ஸ் ப்ராசஸ் எல்லாருக்கும் தெரிந்ததே; இரவு ஷிப்டுக்கு வீட்டில் விடாததால் பல பெண்கள் அதைத் தொடுவதில்லை. ஐஇஎல்டிஎஸ் பயிற்சி, குறிப்பாக வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கும் மாணவர்களுக்கும், மாவட்டத் தலைநகர்கள்தோறும் நடக்கிறது. நல்ல பயிற்சியாளர் ஒருவர் சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளரைவிட நிம்மதியாகச் சம்பாதிக்கிறார். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளுக்குள்ளேயே மொழித்திறன் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. இதழியலுக்கு 2000 முதல் சென்னையில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் (ஏசிஜே) உண்டு. மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும். சட்ட வாசகத்தைப் பிரித்துப் படிப்பதில் இலக்கிய மாணவர்கள் சோடை போவதில்லை. சிவில் சர்வீஸில் ஆங்கில இலக்கியம் இன்றும் 500 மதிப்பெண்ணுக்கு விருப்பப் பாடம்.

இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் 2022இல் தன் ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பட்டதாரிகளில் எத்தனை பேர் 'உயர்திறன்' வேலைக்குப் போகிறார்கள் என்ற அரசின் அளவுகோல் அங்கே இந்தப் பாடத்தின் கழுத்தை நெரிக்கிறது. இங்கே அரசு கலைக் கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை என்று அழுகிறார்கள். அங்கே இலக்கியத்துக்காக வந்தவர்கள் வேலை இல்லையென்று விலகுகிறார்கள். இங்கே மொழிக்காக வந்தவர்கள் இலக்கியத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டும் சந்திக்கிற ஒரு தொழில் இப்போது கொஞ்சம் கண்ணில் படுகிறது. சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையின் ஆர். அழகரசன், ரவிக்குமாருடன் சேர்ந்து தொகுத்த தமிழ் தலித் எழுத்துகளின் ஆக்ஸ்போர்டு தொகுப்பு 2012இல் வந்தது. சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்து, ஆக்ஸ்போர்டில் ஆர்.கே. நாராயணை ஆராய்ந்த லட்சுமி ஹோம்ஸ்ட்ராம், பாமாவின் 'கருக்கு'வையும் அம்பையையும் சல்மாவையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி, தமிழ் நூல்களின் உரிமையை வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு விற்பதற்கென்றே நடக்கிறது. அங்கே வரும் ஜெர்மானியருக்கோ மலேசியருக்கோ தமிழ் தெரியாது. அவர் கேட்பது ஆங்கிலத்தில் மாதிரிக்குச் சில பக்கங்கள். அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் ஒரு தமிழ் நாவலின் விதி தீர்மானமாகிறது.

அதை எழுதக்கூடியவர்கள் யார்? ஆண்டுதோறும் வெளியே வரும் ஆங்கிலப் பட்டதாரிகளில் கணிசமானோர் தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள். வட்டாரப் பேச்சும் சொலவடையும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கல்லூரியில் ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே மாடியில் இருந்தாலும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. பகுதி ஒன்று தமிழ், முதன்மைப் பாட மாணவிக்குத் தாண்டித் தொலைக்க வேண்டிய தாள். மொழிபெயர்ப்பு என்று ஒரு தாள் இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் மொழிபெயர்ப்புக் கோட்பாடுகளின் பெயர்களைத்தான் கேட்கிறார்கள். தன் ஊர் எழுத்தாளரின் சிறுகதை ஒன்றை எடுத்து, இரண்டு துறை ஆசிரியர்களும் பார்க்க, ஒரு பருவம் முழுக்க அடித்துத் திருத்திப் பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் செய்துகொடு என்று கேட்கும் தாள் வந்தால், அதற்குக் கைடு போடுவது கஷ்டம்.